பெயர் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

உத்திரமேரூர் வட்டத்துக் காவாந்தண்டலத்தைச் சுற்றி ஒன்றிரண்டு நாள் நடைத் தொலைவில் தமிழக வரலாற்றின் பெரிய போர்க்களங்கள் பல இருக்கின்றன. வடக்கே, காஞ்சிபுரத்தைத் தாண்டினால் புள்ளலூர். வடகிழக்கில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் படையை முறியடித்த மணிமங்கலம். வடமேற்கில் தக்கோலம். தெற்கே, 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு கலைந்த வந்தவாசி; அதற்கும் அப்பால் மூன்றாம் நந்திவர்மனுக்குப் பட்டப்பெயர் தந்த தெள்ளாறு. இந்தக் களங்களில் வென்ற மன்னர்களின் பெயர்கள் செப்பேடுகளில் இருக்கின்றன. செத்தவர்களை யார், எப்படி நினைவில் வைத்தார்கள் என்பது வேறு கதை.

அந்தக் கதை நடுகல்லில் தொடங்குகிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாகப் பகுத்துச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்களில் தமிழி எழுத்தே இருக்கிறது. அவற்றில் ஒன்று, ஆகோள் பூசலில், அதாவது மந்தை கவரும் சண்டையில், இறந்தவனுக்கு வைத்தது. போர் என்றதும் யானைப்படையும் கோட்டை மதிலும்தான் நினைவுக்கு வரும். நடுகற்களில் பெரும்பாலானவை பேசுவது ஊர் மாட்டைக் காக்கப் போய்த் திரும்பாதவனைப் பற்றி.

காவாந்தண்டலம் பக்கம் ஓடும் செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக வருகிறது. அந்தச் செங்கம் வட்டாரம்தான் நடுகல் நாடு. அங்கே கிடைத்தவற்றைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. கல்லில் செதுக்கிய வீரனின் ஒரு கை வில்லையும் மறு கை வாளையும் பிடித்திருக்க, கால் பாய்வதற்கு எடுத்த நிலையில் இருக்கும். சில கற்களில் மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்து நிற்கும். காலடியில் ஒரு சிமிழும் கெண்டியும். மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், என்ன பெயர், எதற்காகப் பட்டான். ‘பட்டான்’ என்ற ஒரு சொல்லிலேயே சாவைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். மந்தை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் போட்டுக் கல் எடுத்த ஊர் அது.

கி.பி. 949இல் நடந்த தக்கோலப் போரிலும் ஒரு நாய்க்கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே யானைமேல் இருந்தபடியே மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தனைச் சோழர் கல்வெட்டுகள் ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்று மரியாதையோடு குறிக்கின்றன. எதிரணியில் நன்றாகப் போரிட்ட மணலேரன் என்ற வீரன், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டை நாயை. அது பிறகு காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தது. அதற்கும் கல். கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த அந்தக் கல்தான் தக்கோலப் போருக்கு முக்கியமான சான்றுகளில் ஒன்று.

கல்லோடு கடமை தீர்ந்ததாக அக்காலத்தார் நினைக்கவில்லை. இரத்தம் சிந்தி இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்பன அதற்கான பெயர்கள்; நெய்த்தோர் என்றால் இரத்தம்.

இனி புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை இங்கே வளைத்துக்கொண்டார்கள். மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் பறந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்துச் சிதறியதும் சண்டை முடிந்துபோயிற்று. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த கும்பினித் தளபதி மன்றோ நேரத்துக்கு வந்து சேரவில்லை. பெய்லியின் படையில் ஏறக்குறைய 3,800 பேர்; அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பெய்லி சீரங்கப்பட்டணச் சிறையில் 1782இல் இறந்தார். அவருக்கு அங்கே நினைவு மண்டபம் உண்டு. வெற்றி பெற்ற தரப்பு தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரை முழுக்க ஓவியமாகத் தீட்டிவைத்தது. மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, அதே புள்ளலூரில் கும்பினித் தளபதி அயர் கூட் ஹைதரோடு மோதினார். அதில் மாண்ட கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் ஆகிய இருவருக்கும் எழுப்பிய கூம்புத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. இரண்டு போர்களிலும் மடிந்த சிப்பாய்களுக்கு அங்கே தூணும் இல்லை, பெயரும் இல்லை. நாய்க்குப் பெயர் வெட்டிய மண்ணில் ஆயிரக்கணக்கானோர் பெயரின்றிப் போனார்கள் என்பதுதான் இதில் உறுத்துகிற செய்தி.

முதல் உலகப்போரிலும் இதே கணக்குத்தான். தமிழக ஊர்கள் பலவற்றில் ஆங்கிலக் கல்வெட்டுப் பலகைகள் உண்டு: 1914–1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும்தான். ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலும் இந்தியச் சாதாரணப் படையினரை எண்ணிக்கையாகவே குறித்தார்கள்; பெயர் அதிகாரிகளுக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை, அல்லது எந்த நினைவும் இல்லை. இந்த இரண்டாவது எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம் என்கிறது அதே அறிக்கை.

சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைத்த போர்க் கல்லறையில் எல்லாக் கற்களும் ஒரே உயரம். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பிறகு உயிர்நீத்த ஏறக்குறைய 26,000 படைவீரர்களின் பெயர்களைத் தனித்தனியாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். சிப்பாய், அதிகாரி என்ற வேற்றுமை அதில் இல்லை. ஊர்க்காரர்கள் தம் மந்தைக் காவலனுக்குச் செய்ததை அரசு செய்துமுடிக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பழைய கற்களின் நிலை ஊருக்கு ஊர் மாறுகிறது. செங்கம், தருமபுரிப் பக்கம் அவை வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்குகின்றன. வேறு இடங்களில் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் கவிழ்ந்து கிடந்தவை உண்டு. ஏரியில் வண்டல் எடுக்கும்போதோ வரப்பு வெட்டும்போதோ வில்லேந்திய உருவம் தட்டுப்பட்டால், சுண்ணாம்போ பெயின்ட்டோ அடிக்காமல், எழுத்து தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.