ஆணி இல்லாத கப்பல்

ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னால் தச்சர் முதலில் எவற்றைக் கேட்பார்? பலகையும் ஆணியும் கேட்பார், அல்லவா? ஓர் ஆணிகூட இல்லாமல், தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து ஒரு கப்பலைக் கட்டினால் அது கடலைத் தாங்குமா?

தாங்கும் என்று நம் பழங்கால மாலுமிகள் அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் கட்டிய கப்பல்களின் வரைபடங்கள் நம்மிடம் இல்லை. அப்படியானால் உண்மையைச் சோதிப்பது எப்படி? அதேபோல் ஒரு கப்பலைக் கட்டிக் கடலில் விடுவதுதான் வழி!

1893ஆம் ஆண்டில் நார்வே நாட்டினர் கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த வைக்கிங் கப்பலைப் போல் ஒன்றைக் கட்டி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து காட்டினர். 1980 நவம்பரில் டிம் செவரின் என்பவர் ‘சோஹார்’ என்ற தைத்த கப்பலில் ஓமானிலிருந்து சீனத்திற்குப் புறப்பட்டார். அதன் மரம் கேரளக் கரையிலிருந்து சென்றது. இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடையே பாயைத் தாங்கும் குறுக்குக் கழி ஒடிந்தது. காற்றும் இல்லை. மழைநீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டு கப்பலோர் காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் தையல் பிரியவில்லை. 1981 ஜூலையில் அவர்கள் காண்டன் நகரை அடைந்தனர்.

நம் நாட்டிலும் இச்சோதனை நடந்திருக்கிறது. அஜந்தா ஓவியம் ஒன்றில் காணும் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாகக் கொண்டு, பாபு சங்கரன் என்ற கேரளக் கைவினைஞரின் தலைமையில் கோவாவில் ஒரு கப்பல் தைக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறை அதன் சிறு மாதிரியை நீரில் சோதித்தது. 2025 மே 21 அன்று கார்வாரில் ‘கௌண்டின்யா’ என்ற பெயருடன் அது கடற்படையில் சேர்ந்தது. சுக்கானுக்குப் பதிலாக இதில் பெரிய துடுப்புகளே உள்ளன.

தையல் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்போம். அலையின் முகடு கப்பலின் நடுவில் வரும்போது அதன் இரு முனைகளும் தொய்கின்றன. முகடுகள் முனைகளுக்கு அடியில் வரும்போது நடுப்பகுதி தொய்கிறது. இவ்வாறு கப்பல் ஓயாமல் வளைந்துகொண்டே இருக்கும். ஆணி அடித்த இடத்தில் இந்த விசை ஒரு துளையைச் சுற்றியே குவியும். உப்புநீரில் இரும்பு துருவும் பிடிக்கும். கயிற்றுத் தையலோ சற்றே நெகிழ்ந்து, விசையை நூற்றுக்கணக்கான தையல்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. இங்கே நெகிழ்ச்சிதான் வலிமை!

2025 டிசம்பர் 29 அன்று கௌண்டின்யா போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் புறப்பட்டது. அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். மேற்கே செல்லும் கப்பலுக்கு அக்காற்று பக்கவாட்டில் சற்றே பின்னாலிருந்து வீசும். சதுரப் பாய்க்கு ஏற்ற திசை அது. 2026 ஜனவரி 14 அன்று கப்பல் மஸ்கட்டை அடைந்தது. நேர்கோட்டில் தூரம் சுமார் 1,150 கி.மீ.; நாட்கள் 16. வகுத்துப் பாருங்கள். மணிக்கு 3 கி.மீ. தான் வருகிறது. நீங்கள் பள்ளிக்கு நடந்து செல்லும் வேகத்தைவிடக் குறைவு!

திசைகாட்டி இல்லாத காலத்து மாலுமி கடலில் தான் இருக்கும் இடத்தை எப்படி அறிந்தான்? இதற்கு விடை காணக் கடலுக்குப் போக வேண்டியதில்லை; ஜவ்வாது மலைக்குப் போனால் போதும். அங்கே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியுடன் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் அட்சரேகை ஏறத்தாழ வடக்கு 12.6 பாகை. எனவே அங்கிருந்து பார்த்தால் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து சுமார் 12.6 பாகை உயரத்தில் தெரியும். போர்பந்தரில் அந்த உயரம் 21.6 பாகை, மஸ்கட்டில் 23.6 பாகை. விண்மீன் உயர்ந்தால் வடக்கே வந்துவிட்டோம் என்று பொருள். இந்த உயரத்தை விரற்கணக்கில் அளக்கத் தமிழ் மாலுமிகள் ‘ராப்பலகை’ என்ற கருவியைப் பயன்படுத்தினர். முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகைதான் அது.

ஒரு செய்தியை மறவாதீர்கள். அஜந்தா ஓவியன் காலத்தில் இவ்விண்மீன் வானத்தின் வடதுருவத்திலிருந்து பல பாகை விலகியிருந்தது. பூமியின் அச்சு, தளரும் பம்பரத்தைப் போல மெல்லத் தலைசுற்றுவதே இதற்குக் காரணம். எனவே அக்கால மாலுமிகள் வேறு விண்மீன்களையும் கவனித்திருக்க வேண்டும்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யலாம். வடக்கு அடிவானம் மறையாத இடத்தில் நின்று கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்குங்கள். முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. துருவ விண்மீன் எத்தனை முட்டி உயரத்தில் இருக்கிறது? விடையை உங்கள் ஊரின் அட்சரேகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோடிகளின் கணக்கு உங்கள் கைக்கும் வந்துவிடும்.