கோழிக்கறியில் வரும் கிருமி... மஞ்சள் மட்டும் போதாது!

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கி வந்ததும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மஞ்சள்தூள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நாலைந்து முறை அலசுகிறோம். பக்கத்திலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கியிருக்கும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்!

கோழியின் குடலில் 'சால்மோனெல்லா' என்ற பாக்டீரியா குடியிருப்பது உண்டு. சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்த பெயர் இது. கிருமியைச் சுமக்கிற கோழி பெரும்பாலும் சுறுசுறுப்பாகவே இரை எடுக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அறுக்கும்போது குடலிலிருந்து கறியில் ஒட்டிக்கொள்கிறது; எச்சத்தின் மூலம் முட்டை ஓட்டுக்கும் வருகிறது. சில சமயம் கோழியின் சினைப்பையிலேயே இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். அந்த முட்டையைக் கழுவி என்ன பயன்?

"மஞ்சள் கிருமிநாசினின்னு நீங்கதானே சொல்வீங்க டாக்டர்?" என்று கேட்பீர்கள். மஞ்சளுக்கு மருத்துவ குணம் உண்டுதான். ஆனால், அடுப்பு செய்யும் வேலையை அது செய்யாது. இந்தக் கிருமியைக் கொல்வது சூடு. கறியின் நடுப்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். தளதளவென்று கொதித்து, கறி நன்றாக வெந்த குழம்பில் பயமில்லை. ஆஃப்பாயில், உள்ளே வேகாத ஷவர்மா, பச்சை முட்டை மயோனைஸ் இவற்றில்தான் ஆபத்து. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்ததும் இதனால்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* கறியைக் குழாயடியில் அலசினால் தெறிக்கும் துளிகளோடு கிருமியும் பரவும். கழுவித்தான் ஆகணும் என்றால், பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* கறி வெட்டிய கத்தி, பலகையில் பச்சடிக்காய் நறுக்காதீர்கள்.

* சமைத்த கறியை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் கிருமியின் வளர்ச்சியை மட்டுப்படுத்துமே தவிர, கொல்லாது. எடுத்ததைக் கொதிக்க வைத்தே பரிமாறுங்கள்.

* கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர்களுக்கு முட்டையை முழுசாக வேகவைத்தே கொடுங்கள்.

கிருமி உள்ளே போனால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி வரலாம். உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொடுங்கள். நோஞ்சான் இல்லாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். தாங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம்.

மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டு போதல்... இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் மாதுளை ஓட்டுக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்!