தரகுக் கட்டணத் திட்டங்கள்: புதிய முதலீட்டாளர் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் பங்கு முதலீட்டைத் தொடங்கும் ஒருவருக்கு, பங்குகளை மின்னணு வடிவில் இருப்பு வைக்கும் டீமேட் கணக்கும், வாங்கவும் விற்கவும் ஆணையிடுவதற்கான வர்த்தகக் கணக்கும் தேவை. செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு பெற்ற தரகு நிறுவனங்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் சேர்த்தே வழங்குகின்றன. அவை பெறும் தரகுக் கட்டணத்துக்குப் பொதுவாகப் பரிவர்த்தனை மதிப்பில் 2.5 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. அதற்குள் கட்டண முறையை வகுத்துக்கொள்வது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம் என்பதால், திட்டங்கள் பலவாக உள்ளன.

அவற்றை மூன்று வகையாகப் பகுக்கலாம். கிளை அலுவலகமும் முதலீட்டு ஆலோசனையும் வழங்கும் முழுச்சேவைத் தரகர்கள் மதிப்பில் இத்தனை சதவீதம் என வசூலிப்பது முதல் வகை. தள்ளுபடித் தரகர்கள் தொகை எதுவாயினும் ஓர் ஆணைக்கு 20 ரூபாய் போன்ற நிலையான கட்டணம் பெறுவது இரண்டாம் வகை. முன்பணம் செலுத்தியவருக்குச் சதவீதத்தைக் குறைப்பது மூன்றாம் வகை.

இவற்றுள் எது மலிவு என்பதை முதலீட்டாளரின் ஆணை அளவே தீர்மானிக்கிறது. 2,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குபவருக்கு 0.5 சதவீதத் திட்டத்தில் 10 ரூபாயும், நிலையான கட்டணத்தில் 20 ரூபாயும் செலவாகும். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்குபவருக்கோ முன்னதில் 500 ரூபாய், பின்னதில் அதே 20 ரூபாய். இவ்விரு திட்டங்களும் சமமாகும் எல்லை 4,000 ரூபாய். அதுபோலவே, 1,000 ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு 0.5 சதவீதத்தை 0.25 ஆகக் குறைக்கும் திட்டத்தில், நான்கு லட்சம் ரூபாய்க்குப் பரிவர்த்தனை நடந்த பின்னரே அம்முன்பணம் ஈடாகிறது.

சில நிறுவனங்கள் டெலிவரிக்கு, அதாவது வாங்கிய பங்கை அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்வதற்கு, தரகே பெறுவதில்லை. ஆயினும் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதப் பங்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.015 சதவீத முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம், தரகு முதலியவற்றின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை எத்திட்டத்திலும் நீங்குவதில்லை. விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியே மாற்றுவதற்கான கட்டணம் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. அது 15 ரூபாய் எனில், 200 ரூபாய்ப் பங்கு ஒன்றை மட்டும் விற்பவருக்கு அதுவே 7.5 சதவீதச் சுமையாகிறது.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் சிறு முதலீட்டின் ஆதாயத்தைக் குறைப்பதே. இதற்காகவே அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்ற ஏற்பாடு உள்ளது. ஒரே டீமேட் கணக்கு வைத்திருப்பவருக்கு உரிய இக்கணக்கில், 2024 செப்டம்பர் முதல், இருப்பு மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை பராமரிப்புக் கட்டணம் இல்லை; 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்.

எனவே, ஓராண்டில் எத்தனை முறை, எவ்வளவு தொகைக்கு வாங்குவோம், விற்போம் என்பதை முதலில் மதிப்பிட்டு, தரகு, விற்பனை மாற்றக் கட்டணம், பராமரிப்பு, முன்பணம் ஆகியவற்றின் ஆண்டு மொத்தத்தை ஒப்பிட்டபின் திட்டத்தைத் தேர்வதே முறை. அடிக்கடி வாங்கி விற்பவருக்காக வகுக்கப்பட்ட திட்டம், மாதம் ஒருமுறை சிறுதொகை முதலிடுபவருக்குப் பொருந்தாது. பரிவர்த்தனைக்குப் பின் வரும் ஒப்பந்தக் குறிப்பில் தரகு, வரி, சந்தைக் கட்டணம் ஆகியவை தனித்தனியே காட்டப்படுவதால், முதல் குறிப்பையே கணக்குடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது நன்று.