கரும்பொன்னைப் பின்தொடர்ந்த பொன்



திருக்குறளில் 'சூது' அதிகாரத்தின் முதற்குறளிலே, மீன் விழுங்கும் தூண்டில் முள்ளைப் 'பொன்' என்றே வள்ளுவர் குறிப்பிடுகிறார். கல்முனைக் கடற்கரையில் யாரும் தங்கத்தால் தூண்டில் செய்வதில்லை. அவ்விடத்தில் பொன் என்பதற்கு இரும்பு என்றே பரிமேலழகர் பொருள் கொண்டார். பழந்தமிழில் பொன் என்பது உலோகங்களின் பொதுப்பெயராகவும் வழங்கியது. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன்.

இந்தப் பெயருறவு மொழியின் செயல். ஆனால் பூமியின் வரலாற்றிலும் தங்கத்துக்கும் இரும்புக்கும் உறவு உண்டு என்பதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி உருகிக் கிடந்த காலத்தில், கனமான இரும்பு உள்ளே அமிழ்ந்து நடுவிலுள்ள அகணி ஆயிற்று. தங்கமும் பிளாட்டினமும் கல்லோடு சேர விரும்பாதவை. இரும்போடு கரைய விரும்புபவை. ஆகவே அவற்றின் பெரும்பகுதி இரும்பின் பின்னே போய்விட்டது. அதை மீட்க வழியில்லை.

அகணிக்கு மேலே ஏறத்தாழ 2900 கிலோ மீற்றர் தடிப்பான பாறைப் படை உண்டு. அதுவே மென்மூடி. அங்கே ஒரு தொன் பாறையில் இருக்கும் தங்கம் ஒன்றிரண்டு மில்லிகிராம். பிளாட்டினம் ஏழு மில்லிகிராம் அளவில். அந்தச் சொற்பமும், பின்னாளில் வந்து விழுந்த விண்கற்கள் கொண்டுவந்ததே என்பது பலருடைய கொள்கை. ஒரு பவுண், அதாவது எட்டுக் கிராம் தங்கம் வேண்டுமானால், மென்மூடிப் பாறையில் ஏறத்தாழ ஐயாயிரம் தொன்னைப் பிழிய வேண்டும்!

அப்படியானால் சுரங்கங்கள் எப்படி உண்டாயின? இங்கே கந்தகம் வருகிறது.

மென்மூடியில் இந்த உலோகங்களைப் பிடித்து வைத்திருப்பவை கந்தகம் சேர்ந்த சல்பைட்டுத் துணுக்குகள். பாறை சிறிதளவு உருகினால் அவை அங்கேயே தங்கிவிடும். மேலே வரும் குழம்பு வெறுங்கையோடு வரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உருகும்போதுதான் துணுக்குகள் முற்றாகக் கரைந்து, உலோகங்கள் குழம்போடு புறப்படும்.

மேலே வந்த குழம்பு ஆறும்போது, அல்லது வழியில் கந்தகமுள்ள பாறையைக் கரைத்துக்கொள்ளும்போது, தண்ணீரில் எண்ணெய் பிரிவதுபோலச் சல்பைட்டுத் துளிகள் பிரிகின்றன. எண்ணெய் மிதக்கும், இவையோ கனத்தால் கீழிறங்கும். சுற்றியுள்ள குழம்பிலிருந்து பிளாட்டினத்தைத் தம்முள் இழுத்துக்கொள்ளும். ஒரு துளி எவ்வளவு அதிகமான குழம்போடு பழகுகிறதோ, அவ்வளவுக்கு அது செல்வந்தமாகும். தென்னாபிரிக்காவில் 1924இல் அறியப்பட்ட மெரென்ஸ்கிப் படை இவ்வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஒரு மீற்றர் தடிப்புக்கூட இல்லாத அப்படையில், மில்லிகிராமாக இருந்த உலோகம் தொன்னுக்குச் சில கிராமாகத் திரண்டிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு!

தமிழ்நாட்டிலும் இவ்வகைக் குழம்பு உறைந்த இடம் ஒன்று உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெண்ணிறப் பாறை, நிலாப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2க்கான சோதனைகளுக்குச் செயற்கை நிலவு மண் செய்ய உதவியது. அங்குள்ள கரிய குரோமைட்டுப் பட்டைகளில் பிளாட்டின இன உலோகங்களை ஆய்வாளர் கண்டனர். ஆயினும் அங்கே பிளாட்டினச் சுரங்கம் எழவில்லை. பட்டைகள் மெல்லியவை, பிற்கால நில அழுத்தத்தால் மடிந்தும் அறுந்தும் கிடப்பவை. உலோகம் இருப்பது ஒன்று. எடுக்கத்தக்கதாக இருப்பது வேறொன்று.

கோலாரின் கதை இன்னொரு விதம். அங்கும் மென்மூடியிலிருந்து வந்த பழைய எரிமலைப் பாறைகளே உள்ளன. ஆனால் தங்கத்தைத் திரட்டியது ஆழத்து வெந்நீர். அதுவே வெண்கல் நரம்புகளில் பொன்னை விட்டுச் சென்றது. அந்த நரம்புகளைத் தேடி மூன்று கிலோ மீற்றருக்கும் கீழே இறங்கியவர்களிற் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். 1880இல் தொடங்கிய பெருஞ்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கல்லில் பொன் அருகியபோது அவர்களுடைய வேலையும் போயிற்று.

நம் அம்பாறைக் கரையில் திருக்கோவில் பக்கம் மின்னும் கருமணலைப் பார்த்துச் சிலர் ஆசைப்படுவதுண்டு. அந்தக் கருமை இல்மனைட்டு. தைத்தேனியம் தரும் கனிமம். மணலிடையே தகதகப்பது பெரும்பாலும் மைக்கா. பொன்னென்று நம்பிக் கரையைத் தோண்டினால், கடலுக்கே வழிவிட்டவர்களாவோம்.

ஆகவே நேயர்களே, 'இன்ன இடத்தில் தங்கம் கண்டார்கள்' என்று செய்தி வரும்போது, 'தொன்னுக்கு எத்தனை கிராம்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு விடை தராத செய்தியை நம்பி, காணியையோ காதிலுள்ளதையோ அடகு வைக்காதீர்கள்.