அம்மாவுக்குத் துணையாக ஒரு நாய்

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒரு நாய் வாங்கித் தரலாம் என்று நினைக்கிறீர்களா? குட்டி வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டை நனைக்கும், செருப்பைக் கடிக்கும், ஓடி வந்து காலுக்குள் புகும். 70 வயதில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. 4, 5 வயதான நாய் என்றால் அதன் குணம் முன்கூட்டியே தெரியும். விலங்குக் காப்பகங்களில் கேட்டுப் பாருங்கள்.

எந்த இனம்? செல்போன் விளம்பரத்தில் பார்த்த பக் நாய் அழகுதான். ஆனால் சப்பை மூக்கு. சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும். டாஷ்ஹண்டுக்கு நீண்ட முதுகு, மாடிப்படி ஆகாது. நம்மூரில் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலுக்குப் பழகியது. வாய்தான் கொஞ்சம் அதிகம்: பால்காரர் வந்தாலும் குரைக்கும், பக்கத்து வீட்டு மிக்சி ஓடினாலும் குரைக்கும். காது மந்தமான அம்மாவுக்கு அதுவே அழைப்பு மணி!

முதலில் அம்மாவிடம் சம்மதம் கேளுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு யார் தூக்கிப் போவது, அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் நாய்க்கு யார் சோறு வைப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். சின்ன நாய்கள் 15 ஆண்டுகூட இருக்கும்.