பேஸ்மென்ட் ஈரம்: வாளி நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும்

ஸ்கார்பரோவில் நம் குடும்பங்கள் பல பேஸ்மென்ட்டில் குடியிருக்கின்றன. கோடை தொடங்கியதும் வெளியிலிருந்து வரும் வெக்கைக் காற்று, நிலத்துக்குக் கீழே உள்ள குளிர்ந்த சுவரில் பட்டு ஈரமாகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இருமலும் இளைப்பும் கூடும்.

இதற்காகவே பலர் டீஹியுமிடிஃபையர் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி காண்பது, வாளி நிரம்பி நின்றுபோன இயந்திரத்தைத்தான். காலையில் வேலைக்குப் போனவர்கள் இரவு திரும்பும்வரை அது சும்மா நிற்கிறது. தண்ணீர் தானாக வடிய வழி செய்தால் இந்தச் சிக்கல் தீரும்.

முதலில், துணி துவைக்கும் இடத்தில் தரையில் உள்ள வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது தேங்காமல் இறங்க வேண்டும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் பின்பக்கம் மூடியிட்ட ஒரு துவாரம் இருக்கும். மூடியைக் கழற்றி, அதில் ஹோஸ் குழாயை இறுக்கமாகப் பொருத்துங்கள். தோட்டத்து ஹோஸே பல இயந்திரங்களுக்குப் பொருந்தும்.

குழாய் வடிகால்வரை கீழ்நோக்கியே போக வேண்டும். நடுவில் மேடோ மடிப்போ இருந்தால் தண்ணீர் பின்வாங்கி வாளியிலோ தரையிலோ வடியும். அதனால் இயந்திரத்தை உறுதியான சிறு மேடையில் வையுங்கள். குழாயின் நுனி வடிகால் நீரில் மூழ்கக் கூடாது. வடிகால் உயரத்தில் இருந்தால், தண்ணீரை மேலேற்றும் சிறு பம்ப் தேவைப்படும்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தரை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வடியும் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, உளூச் செய்யவோ எடுக்காதீர்கள்; அதில் தூசியும் கிருமியும் சேர்ந்திருக்கும்.

சுவரில் மழைநீர் கசிந்தால் இயந்திரம் மட்டும் போதாது. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, வாடகை வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. படம் எடுத்து, எழுத்தில் தெரிவியுங்கள். கடிதம் எழுதத் தயங்குபவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உடனிருந்து எழுதித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.