கேள்விக்கு விழும் மைனஸ் யாருக்கு?

"மதிப்பிற்குரிய ஐயா, என் புரோகிராம் ஓடவில்லை. மிகவும் அவசரம். தயவுசெய்து உதவவும்." அதற்குக் கீழே, லேப்டாப் திரையை மொபைலில் சாய்வாகப் பிடித்த ஒரு படம். பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பி.ஜி. அறையிலிருந்து, வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒருவர் இதை ஆங்கிலத்தில் எழுதி புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கேள்வியின் ஓரத்தில் மைனஸ் 3. 'ஐயா'வையும் 'தயவுசெய்து'வையும் முகம் தெரியாத யாரோ வெட்டியிருக்கிறார். இன்னொருவர் உதவி செய்யாமல் எதிர்க்கேள்வி கேட்டிருக்கிறார். சற்று நேரத்தில் கேள்வி மூடப்பட்டது என்ற அறிவிப்பும் வந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று போய்விடுவார். இல்லையென்றால் கேள்வியை அழித்துவிட்டு, தலைப்பை மட்டும் மாற்றி மறுபடி போடுவார். முதலாவதில் நஷ்டம் தளத்துக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது அவருக்கே வினையாக முடியும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008 செப்டம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று கேட்பவருக்கு உதவுவது அதன் வேலையில் பாதிதான். நாளை, அடுத்த வருடம், அதே சிக்கலோடு கூகுளில் தேடி வருகிற முன்பின் தெரியாத ஒருவருக்கும் அந்தப் பக்கம் பயன்பட வேண்டும். பிளஸ், மைனஸ் ஓட்டுகள் அந்த இரண்டாவது ஆளுக்காகப் போடப்படுபவை. "இந்தக் கேள்வி இப்போது இருக்கிற நிலையில், பின்னால் வருபவருக்கு உதவாது" என்பதுதான் மைனஸின் பொருள். கேட்டவருடைய அறிவைப் பற்றியோ அவர் படித்த கல்லூரியைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. 'ஐயா'வும் 'நன்றி'யும் வெட்டப்படுவதும் இதனால்தான். மரியாதை வேண்டாம் என்றில்லை; தேடி வருபவர் நேராகச் சிக்கலைப் படிக்க வேண்டும், அவ்வளவே.

கணக்கைப் பார்த்தாலும் பதற ஒன்றுமில்லை. ஒரு பிளஸ் விழுந்தால் 10 புள்ளி ஏறும். ஒரு மைனஸ் விழுந்தால் 2 புள்ளி இறங்கும். அதாவது ஐந்து மைனஸை ஒரே பிளஸ் ஈடுகட்டிவிடும். புதிதாகச் சேர்பவர் 1 புள்ளியோடு தொடங்குகிறார், எத்தனை மைனஸ் விழுந்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. ஆக, முதல் கேள்விக்கே மைனஸ் வாங்கியவர் புள்ளிக் கணக்கில் இழந்தது பூஜ்யம். பிளஸ் ஓட்டுப் போட 15 புள்ளி சேர்ந்தால் போதும், மைனஸ் போட 125 வேண்டும். ஒரு பதிலுக்கு மைனஸ் போடுகிறவர் தன் புள்ளியிலிருந்தும் ஒன்றை இழக்கிறார். கேள்விக்குப் போடும் மைனஸுக்கு அந்தச் செலவு கிடையாது. மைனஸ் புதியவர்களின் கேள்விகள் மேல் தாராளமாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து கேம்பஸ் தேர்வு வரை மார்க்கை வைத்தே எடைபோடப்பட்ட ஒருவருக்கு, சிவப்பு மையில் சுழித்த எண்ணும் இந்த மைனஸும் ஒன்றாகத்தான் தெரியும். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று சிரிப்பொலி கேட்ட அனுபவமும் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு, காரணம் சொல்லாமல் விழும் ஒரு மைனஸ் கூடுதலாகத்தான் வலிக்கும்.

காரணம் சொல்வதைக் கட்டாயமாக்கினால் என்ன? பலரும் பலமுறை கேட்டுவிட்டார்கள், தளம் ஒப்புக்கொள்ளவில்லை. பெயரோடு காரணம் எழுதியவர் மேல் பழிவாங்கும் ஓட்டுகள் பாயும், சண்டை வளரும் என்பது அதன் வாதம். வாதம் பொய்யில்லை. ஆனாலும் காரணமில்லாத எண்ணிலிருந்து புதியவர் எதைக் கற்றுக்கொள்வார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் காரணத்தை நாமே ஊகிக்கப் பழக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது சிதம்பர ரகசியமெல்லாம் இல்லை. "புரோகிராம் ஓடவில்லை" என்பது, மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் "பஸ் வருமா?" என்று கேட்பது மாதிரி. நல்ல மனதுள்ளவரும் பதில் சொல்ல முடியாது. படமாகப் போட்ட புரோகிராமை யாரும் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, தேடலிலும் அது சிக்காது. "அவசரம்" என்ற சொல்லோ, இரவு பதினொரு மணிக்குச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பதில் எழுதுகிறவரை எரிச்சல்படுத்த மட்டுமே செய்யும்.

அதே கேள்வியை இப்படி எழுதிப் பார்க்கலாம். பைத்தானில் பாண்டாஸ் கொண்டு ஒரு சி.எஸ்.வி. கோப்பைப் படிக்கிறேன். 'விலை' என்ற பத்தியை எடுக்கும்போது கீ-எரர் வருகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயர் முதல் வரியில் இருக்கிறது. பிழைச் செய்தி முழுவதும் இதோ, கோப்பின் முதல் மூன்று வரிகள் இதோ, பிழையைக் காட்டத் தேவையான நான்கு வரி புரோகிராம் இதோ. இவ்வளவையும் எழுத்தாக ஒட்டும்போதுதான் கண்ணில் படும்: தலைப்பு வரியில் காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பத்தியின் உண்மையான பெயர் அந்த இடைவெளியோடு சேர்ந்தது. கேள்வியைப் போடாமலே பதில் கிடைத்துவிட்டது. கேள்வியைச் சரியாக எழுத உட்கார்ந்து, பாதியில் விடை கண்டு எழுந்து போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

மூடப்பட்டது என்ற அறிவிப்பையும் இப்படி வாசிக்கத் தெரிய வேண்டும். மூடுவதென்றால் புதிய பதில்கள் வராமல் நிறுத்திவைப்பது, கேள்வி அழிவதில்லை. இதற்குப் பொதுவாக குறைந்தது 3,000 புள்ளி வைத்திருக்கும் மூன்று பேரின் ஓட்டு வேண்டும். திருத்தி எழுதி, மறுபடி திறக்கலாமா என்று பார்க்கும் வரிசைக்கு அனுப்ப வழியுண்டு; எனவே அந்தத் திருத்தத்தை ஒரு காற்புள்ளி சேர்ப்பதில் வீணாக்க வேண்டாம். டூப்ளிகேட் என்று மூடியிருந்தால் கோபப்படுவதற்கு முன் அதில் உள்ள இணைப்பைத் திறந்து படியுங்கள். பல நேரம் அங்கே உங்களுக்கான பதில் தயாராக இருக்கும். பொருந்தவில்லை என்றால், ஏன் பொருந்தவில்லை என்பதைக் கேள்வியிலேயே சேர்த்து எழுதலாம்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. ஓட்டுப் போட்டவர் சில நிமிடங்களுக்குப் பிறகு மனம் மாறினாலும் ஓட்டைத் திரும்பப் பெற முடியாது, அது பூட்டிக்கொள்ளும். கேள்வியை யாராவது திருத்தினால்தான் அந்தப் பூட்டு திறக்கும். மைனஸ் போட்டவரே அதைப் பிளஸாக மாற்ற வேண்டுமென்றாலும் முதலில் கேட்டவரோ வேறு யாரோ பேனா எடுத்தாக வேண்டும்.

அழித்துவிட்டு மறுபடி போடுவது ஏன் வினை? மோசமான வரவேற்புப் பெற்ற கேள்விகள் சேர்ந்துகொண்டே போனால், அந்தக் கணக்கிலிருந்து புதிய கேள்வி கேட்பதை மென்பொருளே நிறுத்திவிடும். அழித்த கேள்விகளும் அந்த எண்ணிக்கையில் சேரும். தடையிலிருந்து மீள, பழைய கேள்விகளைத் திருத்தித் தேற்றுவதுதான் நேரான வழி.

எல்லாப் பழியும் புதியவர் தலையில் என்று முடித்துக்கொள்வது நியாயமாகாது. 2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் உயரதிகாரி ஜே ஹான்லன், தங்கள் தளம் பலரை, குறிப்பாகப் புதியவர்களையும் பெண்களையும் விலக்கி நிறுத்துவதாக உணரவைக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு புதிய நடத்தை விதிகள் வந்தன. புதியவர் பதிவுகளில் 'புதிய பங்களிப்பாளர்' என்ற அடையாளமும் சேர்ந்தது. ஆங்கில விக்கிபீடியாவின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். ஏரன் ஹாஃபேக்கரும் சக ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நல்ல எண்ணத்தோடு வரும் புதியவர்களின் விகிதம் அங்கே பெரிதாகக் குறையவில்லை. அவர்கள் எழுதியதை நீக்குவதுதான் அதிகமானது, அதனால் தங்குபவர்கள் குறைந்தார்கள்.

ஜஸ்டின் செங், கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், யூரே லெஸ்கோவெச் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. சி.என்.என். உள்ளிட்ட நான்கு தளங்களின் வாசகர் கருத்துகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். மைனஸ் வாங்கியவர்கள் திருந்தவில்லை. முன்பைவிட அதிகமாகவும் மோசமாகவும் எழுதினார்கள், மற்றவர்களுக்கும் கூடுதலாக மைனஸ் போட்டார்கள். அதே ஆய்வில், பிளஸோ மைனஸோ எதுவுமே கிடைக்காதவர்கள்தான் தளத்தைவிட்டு விலகும் வாய்ப்பு அதிகம். அவை கேள்வி-பதில் தளங்கள் அல்ல, உண்மைதான். இருந்தாலும் அடிக்கு அடி என்று பரவும் இந்தப் பழக்கத்தை எந்தத் தளத்திலும் பார்க்கலாம்.

மறுபக்கத்தில் இருப்பவர்களின் களைப்பும் நிஜம். 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காகத் திறமூலத் திட்டங்களில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பும் கோரிக்கைகள் வந்து குவிந்தன. அப்படி அனுப்புவதைச் செய்து காட்டிய இந்திய யூடியூப் காணொளி ஒன்றும் அதில் பேசுபொருளானது. நிகழ்வை நடத்தியவர்கள் அதன் விதியை அந்த மாதம் மூன்றாம் தேதியே மாற்ற வேண்டி வந்தது. அந்த வெள்ளத்தில் நேர்மையாக வந்த முதல் பங்களிப்புகளும் குப்பையோடு தள்ளப்பட்டிருக்கும்.

பெங்களூரில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு: முகம் பார்த்துக் கேட்கலாம். பைத்தான்காரர்களின் பேங்பைப்பர்ஸ் குழு பல ஆண்டுகளாகச் சந்திப்புகள் நடத்திவருகிறது. முதல் பைகான் இந்தியா மாநாடு 2009-ல் இந்த ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில்தான் நடந்தது. அங்கே அரைகுறைக் கேள்வி கேட்டாலும் மைனஸ் விழாது, "எந்த வெர்ஷன்? பிழைச் செய்தியைக் காட்டு" என்பார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் தாமதமாக இதைக் கற்றுக்கொண்டது. 2024-ல் அறிமுகமான ஒத்திகைக் களத்தில், புதியவரின் கேள்வியை ஓட்டுக்கு விடுமுன் அனுபவசாலிகள் பார்த்துத் திருத்தம் சொல்கிறார்கள்.

அதற்குள் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு தளத்தில் புதிய கேள்விகள் வெகுவாகக் குறைந்தன. அந்த இயந்திரம் மைனஸ் போடுவதில்லை, எந்தக் கேள்வியையும் அருமையான கேள்வி என்று பாராட்டவும் தயங்குவதில்லை. ஆனால் அதை உருவாக்கிய ஓப்பன் ஏஐ, 2024 மே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பிளஸும் மைனஸும் போட்டுச் சலித்தெடுத்த பதில்களுக்குத்தான் அந்த மதிப்பு. இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேரும் பலருக்கு முதல் மைனஸ் தளத்தில் விழுவதில்லை. அலுவலகத்தில், அவர்கள் அனுப்பிய முதல் புரோகிராமின் வரிக்கு வரி கீழே, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கும் சீனியரின் கமெண்டாக வருகிறது. ஏன் என்று அவரிடமாவது எழுந்துபோய்க் கேட்டுவிடலாம்.